மாமனார் பெயரில் திறந்த கணக்கு

மே மாதத்தில், முதல் தண்ணீர் திறக்கிற நாள் நெருங்கினால் எங்கள் ஊரில் ஆண்கள் மண்வெட்டியைத் தீட்டி வைப்பார்கள். வாய்க்கால் வெட்டத்தான் என்பார்கள். பெண்கள் நாங்கள் பஞ்சும் அயோடினும் எடுத்து வைப்போம். அது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

ஒரே வாய்க்கால், இரண்டு தெரு. மலையிலிருந்து பனி உருகி வருகிற தண்ணீர் முதலில் மேல்தெருவுக்குத்தான் வரும். அவர்கள் மடையை அடைத்து உட்கார்ந்துவிட்டால் கடைமடையில் இருக்கிற எங்கள் கீழ்த்தெரு ஆப்ரிகாட் மரங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டே காய வேண்டியதுதான். அவ்வளவு பெரிய ஏரி எதிரே கிடக்கிறது, மேட்டுக்கு ஏறி வருமா? ஒரு வருஷம் இப்படி அடைத்தபோது என் கணவர் மண்வெட்டியோடு போனார். திரும்பி வந்தபோது இடது காது கேட்காமல் வந்தார். இன்றைக்கும் அந்தப் பக்கம் உட்கார்ந்து என்ன திட்டினாலும் சிரித்துக்கொண்டே டீ குடிப்பார்.

அதற்கப்புறம்தான் கணவரின் தம்பி மகன் பெக்தூர் ஒரு வெப்சைட் செய்தான். எந்தத் தோட்டத்துக்கு எந்த நேரம் முறைத் தண்ணீர் என்று எல்லோரும் போனிலேயே பார்க்கலாம். மடை திறந்துவிடுகிற நீர்பாய்ச்சியைக் கேட்க வேண்டாம், மேல்தெருக்காரனைக் கேட்க வேண்டாம். "எனக்கு முந்தி உனக்கா?" என்றால் "போனைப் பார்" என்பது பதில். போனோடு சண்டை போட முடியாது. மண்வெட்டிகள் மண்ணை மட்டும் வெட்ட ஆரம்பித்தன.

இந்த வருஷம் பனி உருகத் தொடங்கியபோது வெப்சைட் செத்துப்போனது. பெக்தூருடைய நண்பன் ஒருவனின் கம்ப்யூட்டரில் அது ஓசியில் ஓடிக்கொண்டிருந்ததாம். அவன் கம்ப்யூட்டரை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டான்.

தண்ணீர்ச் சங்கக் கூட்டத்தில் தலைவர் உலார்பெக் எழுந்தார். மேல்தெருக்காரர். பேசும்போது வயிற்றைத் தடவிக்கொண்டே பேசுவார்.

"எதுக்குங்க இந்தப் படமெல்லாம்? நம்ம அப்பன் பாட்டன் போன் பாத்தா தண்ணி பாய்ச்சினான்? நான் வாயால சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க."

"உன் வாய் மேல்தெருவுல இருக்கே" என்று கீழ்த்தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. ஒரு நாற்காலி நகர்ந்தது. இன்னொரு நாற்காலியும் நகர்ந்தது.

நான் சங்கத்தின் செயலாளர். அந்தக் காலத்தில் தபாலாபீசில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவள். தட்டத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருடைய கண்ணும் என்மேல் விழுந்தது.

"சைராகான் எஜே, உங்களால அத மறுபடி நிக்க வைக்க முடியுமா?"

எஜே என்றால் அக்கா. வேலை வாங்க வேண்டும் என்றால் எங்கள் ஊரில் எல்லோருக்கும் நான் அக்காதான். முடியும் என்று சொல்லித் தொலைத்தேன். முதல் தண்ணீருக்குள் வெப்சைட் வந்துவிட்டால் அதன்படி முறை. வராவிட்டால் உலார்பெக்கின் வாய்ப்படி. இதுதான் முடிவு.

பெக்தூர் இப்போது ரஷ்யாவின் வடக்கே எங்கேயோ எரிவாயுக் கிணற்றில் வேலை செய்கிறான். அங்கே போன் எடுக்காது. வெப்சைட் செத்ததும், கிணற்றுக்குப் போவதற்கு முன்னால், அதை வைக்க ஒரு கம்பெனியில் இடம் பிடித்து, கணக்குத் திறந்து, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டு, குரல் செய்தியும் போட்டிருந்தான். சின்ன வயதிலிருந்தே அவன் பேச்சு சரிவில் ஓடுகிற ஆடு மாதிரி இருக்கும்.

"பெரியம்மா, பயப்படாதீங்க. இது ஃப்ரேம்வொர்க்குல செஞ்சது. ஃப்ரேம்வொர்க்குன்னா நம்ம கூடாரத்தோட மரச்சட்டம் மாதிரி. எல்லாம் ரெடியா மடிச்சு வச்சிருக்கு. நீங்க விரிச்சு நிறுத்தி, மேல கம்பளத்தப் போட்டா போதும். அப்புறம், நாம பிடிச்ச இடம் ஒண்டுக்குடித்தனம். ஒரே பெரிய கம்ப்யூட்டர், உள்ள நூறு குடும்பம். சமையல்கட்டு, குழாய் எல்லாம் பொது. ரூம் மட்டும் நமக்கு. அதான் விலை கம்மி. ஒரு டீ குடிக்கிற நேரம்தான் பெரியம்மா, முடிஞ்சிடும்!"

கல்யாணமாகி வந்ததிலிருந்து கோடைதோறும் ஆடுகளோடு மலைக்குப் போய்க் கூடாரம் போட்டு வருகிறேன். ஒரு டீயில் நின்ற கூடாரத்தை நான் பார்த்ததில்லை.

முதல் தண்ணீருக்கு முந்தின நாள் காலை. கணவர் ஆடுகளை மலைக்கு ஓட்டிப் போயிருந்தார். அங்கேயும் போன் எடுக்காது. மறுநாள் விடியும்போது வந்துவிடுவேன் என்று சொல்லி, போவதற்கு முன்னால் மண்வெட்டியை வாசல் சுவரில் சாத்திவிட்டுப் போனார். தீட்டியிருந்தார். நான் அதைப் பார்த்தேன், அவர் நான் பார்த்ததைப் பார்த்தார். இரண்டு பேரும் வானிலை பற்றிப் பேசினோம்.

வீட்டில் நானும் மாமியாரும். மாமியாரை நான் எனே என்று கூப்பிடுவேன். எனக்கே பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் எனேவுக்கு நான் இன்னும் கெலின்தான், நேற்று வந்த மருமகள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது, கல்லைப் பருப்பில் போட்டுப் பருப்பை வெளியே எறிவார். நான் பிறகு மாற்றிவிடுவேன்.

மகளின் பழைய லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மூட்டையை ஏற்ற ஆரம்பித்தேன். ஒரு நீலக்கோடு மெதுவாக ஊர்ந்தது. முக்கால்வாசி போனபோது கரண்ட் போனது. வந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த ஒண்டுக்குடித்தனத்தில் யாரோ குழாயை முழுக்கத் திறந்து விட்டிருக்க வேண்டும், எனக்குச் சொட்டுச் சொட்டாக நடந்தது.

"என்ன கெலின், நின்னுச்சா?"

"இன்னும் ஏறவே இல்ல எனே."

"பெக்தூர் கோழிக்கூடு கட்டினான், ஞாபகம் இருக்கா? கோழி உள்ள போச்சு, கூடு கீழ போச்சு."

"இது வேற எனே."

"கட்டினது அவன்தானே?"

ஒருவழியாக ஏறியது. மூட்டையைப் பிரித்தேன். உள்ளே ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர். பெக்தூரின் செய்தியை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். 'புள்ளியில் ஆரம்பிக்கிற ஃபைல் ஒண்ணு இருக்கும், அதுலதான் எல்லா அமைப்பும்' என்றான். அப்படி ஒன்று இல்லை. மேலே தேடினேன், கீழே தேடினேன், மூட்டையிலேயே இல்லையோ என்று மறுபடி பிரித்தேன். பிறகு செய்தியின் கடைசியில், போகிறபோக்கில் சொல்கிறான்: அது கண்ணுக்குத் தெரியாது, மறைந்திருப்பதைக் காட்டு என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். புதுப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, விருந்தெல்லாம் முடிந்தபிறகு 'பெண் அங்கேதான் இருக்கிறாள்' என்று சொல்கிற மாதிரி. டிக் போட்டேன். வந்து நின்றாள்.

அடுத்தது டேட்டாபேஸ். எந்தத் தோட்டம் யாருடையது, எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதெல்லாம் கொட்டி வைக்கிற குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிருக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். நான் தண்ணீர் என்று வைத்தேன். அந்தக் கம்பெனி என்ன செய்கிறதென்றால், நாம் வைக்கிற பெயருக்கு முன்னால் கணக்கின் பெயரைத் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. நூறு குடும்பத்தின் குதிரும் ஒரே கொட்டகையில் கிடக்கிறதல்லவா, கலந்து போகக்கூடாதாம். அந்த முழுப்பெயரை அப்படியே புள்ளி ஃபைலில் எழுத வேண்டும்.

எழுதினேன். எல்லா வரியும் நிரப்பினேன். பெக்தூர் அனுப்பியிருந்த எங்கள் முகவரியின் மேலேயே தட்டினேன். வெள்ளைப் பக்கம். நடுவில் ஐந்நூறு என்று ஒரு எண், கீழே எனக்குப் புரியாத ஒரு வரி.

கடவுச்சொல்லை மாற்றினேன். ஐந்நூறு. ஃபோல்டரை இடம் மாற்றினேன். ஐந்நூறு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பிரித்தேன். மதியம் ஆகிவிட்டது. ரொட்டியும் ஜாமும் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே தின்றேன். கூடாரத்தில் ஒரு கழி விட்டுப்போனால் கூரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இது எந்தப் பக்கமும் சாயவில்லை. மொத்தமாகப் படுத்துக்கொண்டு ஐந்நூறு என்றது. தந்தி ஆபீசில் கூட இப்படி இடுப்பு வலித்ததில்லை.

"நின்னுச்சா?"

மறுபடி தட்டிப் பார்த்தேன். ஐந்நூறு.

"நாளைக்கு உன் புருஷன் மண்வெட்டிய எடுத்தான்னா" என்றார் எனே, பருப்பிலிருந்து தலையை எடுக்காமல், "இன்னொரு காதுதான் பாக்கி."

கம்பெனிக்குப் போன் போட்டேன். வெகுநேரம் பாட்டுப் போட்டார்கள். ஒரே பாட்டு, அதுவும் பாதிப் பாட்டு. போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு ரொட்டித் துணுக்குகளைத் துடைத்தேன். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது. ஊல்கான் என்றாள் பெயரை. அவளும் என்னைப் போலவே காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"அந்தப் புள்ளி ஃபைலத் திறங்க எஜே. டேட்டாபேஸ் பேர்னு ஒரு வரி இருக்கும். படிங்க."

"பெரியவர், கீழ்க்கோடு, தண்ணீர்."

"என்னது?"

திரும்பப் படித்தேன்.

"இல்லயே எஜே. உங்க கணக்கு பேர் பெரியவர் இல்ல. எனக்கு இங்க வேற பேர் காட்டுது."

"அவரேதான்மா."

"எவரே?"

"நீ பாக்குற பேரும் நான் எழுதின பேரும் ஒரே ஆள்தான்."

ஊல்கான் ஒரு மூச்சு விட்டாள். "அது மெஷினுக்குத் தெரியாதே எஜே."

"எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. பெக்தூர் கணக்கைத் தாத்தா பெயரில் திறந்திருக்கிறான். என் மாமனார் அந்தக் காலத்தில் இந்த ஊரின் நீர்பாய்ச்சி. ஒரு தரம் கூட மேல்தெரு கீழ்த்தெரு என்று பார்த்ததில்லை என்று பெயர் வாங்கியவர். அந்த மரியாதைக்காக வைத்திருக்கிறான், நல்ல பிள்ளை. ஆனால் மாமனார் பெயரை நான் சொன்னதில்லை. இந்த வீட்டில் காலெடுத்து வைத்த நாளிலிருந்து அவர் எனக்குப் பெரியவர். தந்தி ஆபீசில் அவர் பெயருக்குத் தந்தி வந்தாலும் பக்கத்து மேசையில் தள்ளிவிடுவேன். காலையில் அந்த நீளப்பெயரைப் பார்த்து ஃபைலில் எழுதியபோது, கண் ஒன்றைப் பார்த்தது, கை தன் பழக்கத்தில் வேறொன்றைத் தட்டியது. அத்தனை தடவை சரிபார்த்தேனே, ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் தெரிந்தது.

"மாமனார் பேரா?" என்றாள் ஊல்கான். புரிந்துகொண்டாள். "எங்க பாட்டி அப்படித்தான். நாங்கல்லாம் சும்மா பேர் சொல்லிக் கூப்பிடறோம். சரி, நீங்க தட்டவே வேணாம். டேட்டாபேஸ் பக்கத்துல அந்தப் பேர் இருக்குல்ல, அத அப்படியே கறுப்பாக்கி எடுத்துட்டு வந்து இங்க ஒட்டுங்க."

நான் எனேவைப் பார்த்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"எனே, தூக்கிட்டு வந்து வைக்கலாமா? நான் எழுதல, சொல்லல. தூக்கறது மட்டும்தான்."

எனே ஒரு கல்லைப் பருப்புக்குள் போட்டார். யோசித்தார்.

"மூடித் தூக்கிட்டுப் போ" என்றார்.

திரையை ஒரு கையால் மறைத்துக்கொண்டு தூக்கி வந்து ஒட்டினேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கையால் மறைத்துக்கொண்டேன். முகவரியைத் தட்டினேன். இந்த முறை ஐந்நூறு இல்லை. வேறு ஏதோ நீளமாக வந்தது.

"நல்லது" என்றாள் ஊல்கான், நான் அதைப் படித்துக் காட்டியதும். "கதவு திறந்துடுச்சு. ஆனா உங்க இடத்துல ஓடற சாஃப்ட்வேர் பழைய வெர்ஷன். உங்க ஃப்ரேம்வொர்க்குக்குப் புதுசு வேணும். அது என் பக்கத்துலேருந்து மாத்தறது, ஒரு நிமிஷம். ஆனா அதுக்குக் கணக்கு வச்சிருக்கறவர் கேக்கணும். சட்டம் அது. அவர் இருக்காரா?"

"மலைமேல இருக்கார்."

"போன் இருக்கா அவருக்கு?"

"அங்க யாருக்கும் போன் இல்லம்மா. கல்லறை."

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி எஜே. குடும்பத்துல யாராவது ஒருத்தர் கேட்டாலும் போதும். ஆனா கணக்குக்காரர் முழுப்பேர, அப்பா பேரோட, நான் காதால கேக்கணும். இந்தக் கால் பதிவாகுது. அது இல்லாம நான் கை வச்சா என் வேலை போயிடும்."

"அதான் உனக்கு அங்க காட்டுதேம்மா. நீயே சொல்லு, நான் ஆமான்னு சொல்றேன்."

"அது செல்லாது எஜே."

"எழுதி அனுப்பட்டுமா? தூக்கிட்டு வந்து ஒட்டறேன்."

"எழுத்து வேற டிபார்ட்மென்ட். மூணு நாள் ஆகும்."

நாளைக்கு முதல் தண்ணீர்.

ஒரு ஆண்பிள்ளை கிடைத்தால் போதும். வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். தெருவில் ஒரு ஆண் இல்லை, எல்லோரும் தலைமடையில் வாய்க்கால் தூர்வாரப் போயிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கனிம்ஜான் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளும் இந்தக் குலத்துக்கு மருமகளாக வந்தவள், அவளுக்கும் அவர் மாமனார் முறைதான். எங்கள் தெருவில் எந்தப் பெண்ணைக் கூப்பிட்டாலும் இதே கதை. என் மகள் சொல்லலாம், அவளுக்குத் தாத்தா. ஆனால் அவள் நகரத்தில் இருக்கிறாள். இந்தப் போனை வைத்துவிட்டு அவளைப் பிடித்து, அவள் கம்பெனியைப் பிடித்து, பாதிப் பாட்டை எல்லாம் கேட்டு முடிப்பதற்குள் ஊல்கான் வீட்டுக்குப் போய்விடுவாள்.

"எஜே, இருக்கீங்களா? எனக்கு ஷிஃப்ட் முடியப் போகுது. பின்னால வரிசை நிக்குது."

"இரும்மா, இரு. எழுத்து எழுத்தாச் சொல்லட்டுமா?"

"அப்படிச் சொன்னாலும் எடுத்துக்கறேன்."

முதல் எழுத்தைச் சொன்னேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. இரண்டாவது எழுத்தைச் சொன்னேன். எனேவின் கைத்தடி மேசைக்காலில் 'டொக்'கென்று விழுந்தது.

"துண்டு துண்டா வெட்டிப் போட்டா ஆடு ஆடு இல்லாமப் போயிடுமா?"

நிறுத்திவிட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து தின்றது ஒரு ரொட்டி. அழுகை வருகிற மாதிரி இருந்தது, அதற்கும் தெம்பில்லை. வாசல் வழியாக மண்வெட்டியின் முனை தெரிந்தது, வெயிலில் பளபளவென்று.

"என்னால ஆகல எனே. விடுங்க. உலார்பெக் வாயே சொல்லட்டும். என் பஞ்சு எங்க இருக்குன்னு பாக்கறேன்."

எனே பருப்புத் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அவரும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மங்கினவர், அவருக்கு என்ன தெரிந்ததோ.

"அந்த டப்பாவ இங்க கொண்டா."

"எதுக்கு எனே?"

"கொண்டாடீன்னா."

போனைக் கொண்டுபோய் வாய்க்கு நேரே பிடித்தேன். எனே முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்கு யாரோ வந்திருக்கிற மாதிரி முதுகை நிமிர்த்தினார்.

"அம்மா, நீ யாரு பொண்ணு?"

"நான்... ஊல்கான் பாட்டி."

"காது நல்லாக் கேக்குமா?"

"கேக்கும் பாட்டி."

"ஒரு தடவைதான் சொல்லுவேன்."

சொன்னார்.

பெரியவருடைய பெயர், அவர் அப்பா பெயர், எல்லாம். மெதுவாக இல்லை, முணுமுணுக்கவும் இல்லை. சாயங்காலம் வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் நிற்கிறவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, சத்தமாக, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. இதற்கு முன் அந்தப் பெயர் அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அவருடைய பிள்ளைகளும் கேட்டிருக்க மாட்டார்கள். அடக்கம் செய்த அன்று ஒப்பாரி வைத்தபோதுகூட என் வீட்டுக்காரரே, என் தலையே என்றுதான் அழுதார். நான் இங்கே அதை எழுதப் போவதில்லை. எனே சொன்னது அவருடைய கணக்கு, அதை வைத்து நான் எழுதிவிட முடியாது.

ஊல்கான் பக்கத்தில் விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"பதிவாயிடுச்சு பாட்டி. மாத்திட்டேன். எஜே, இப்பப் பாருங்க."

பார்த்தேன். பச்சைக்கோடு போட்ட எங்கள் பழைய பக்கம், மேலே வாய்க்கால் படம், கீழே வெறுமையான முறைப்பட்டியல். நின்றுவிட்டது.

"நின்னுச்சு எனே."

"ம்" என்றார். பருப்புத் தட்டை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் முழுக்கத் தோட்டங்களை ஒவ்வொன்றாக ஏற்றினேன். மேல்தெருவில் ஒன்று, கீழ்த்தெருவில் ஒன்று, மாற்றி மாற்றி, பெரியவர் காலத்தில் செய்த மாதிரியே. ஏற்றி முடித்ததுமே போன்கள் வர ஆரம்பித்துவிட்டன. நன்றி சொல்ல யாராவது ஒருத்தராவது என்று பார்த்தால்: 'எனக்கு ஏன் விடியற்காலை?', 'அவனுக்கு ஏன் என்னைவிட அதிகம்?', 'எழுத்து சின்னதா இருக்கே, பெருசாக்க முடியாதா?' உலார்பெக் மட்டும் போன் செய்யவில்லை. அவர் கோபமாக இருக்கிறார் என்று அவர் மனைவி போன் செய்து சொன்னாள். அவருக்கு எத்தனை மணிக்கு முறை என்றும் கேட்டுக்கொண்டாள்.

முகவரி என்ன என்று கேட்டவர்களிடம்தான் திண்டாட்டம். அதுவும் பெரியவர் பெயர்தான். "உங்க வீட்டு ஆம்பளைங்களக் கேளுங்க" என்று வைத்துவிட்டேன்.

அடுப்பில் வறட்டியைப் போட்டுப் பாலும் டீயும் கலந்து எனேவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்.

"பேர் சொன்னதும் திறந்துடுச்சா?"

"உடனே திறந்துடுச்சு எனே."

"ம்." கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "வாழ்க்கை முழுக்க 'இந்தாங்க', 'இந்தாங்க'ன்னு கத்தினேன். ஒரு தடவை திரும்பிப் பாத்தாரா மனுஷன்? வாய்க்காலே கதின்னு கிடந்தார். பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும் போல."

நான் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன். குடித்தார். காலிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

விடிகிற நேரத்தில் கணவர் மலையிலிருந்து இறங்கினார். பூட்ஸோடு வாசலில் நின்று, முகம்கூடக் கழுவாமல் நேராகக் கையை மண்வெட்டிக்கு நீட்டினார். நான் நல்ல காதுப்பக்கம் போய் நின்று போனைக் கண்முன்னால் நீட்டினேன்.

கண்ணாடி இல்லாமல் எட்டப் பிடித்துப் படித்தார். "நமக்கு மத்தியானமா?"

"மத்தியானம்தான்."

"உலார்பெக்குக்கு?"

"நமக்கு அப்புறம்."

இன்னொரு தடவை படித்தார். பக்கத்தின் மேலே அவருடைய அப்பா பெயர் இருந்தது, அதையும் படித்திருப்பார். போனை என்னிடம் கொடுத்தார். மறுபடி மண்வெட்டிப் பக்கம் கையை நீட்டவில்லை. மண்வெட்டி சுவரிலேயே நின்றது. பூட்ஸைக் கழற்றி, கதவோரம் போட்டு, அடுப்புப் பக்கத்தில் அம்மாவுக்கு அருகில் அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார்.

எனே அவர் தலைக்குக் கீழே தன் தலையணையைத் தள்ளிவிட்டார். தலைமடைப் பக்கமிருந்து முதல் தண்ணீர் வருகிற சத்தம் கேட்டது. நான் பருப்புத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன், கல்லையும் பருப்பையும் மாற்ற.